வெயிலில் உறைந்த பெற்றோல் பைப்

பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். வீட்டில் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதுகூட என் மனைவி ரஜனிதான். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், எனக்கு அதில் கவலையில்லை. இத்தனை வருடமாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இதைச் சொல்லி வருகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்து பஸ் டிப்போவில் எட்டு வருடம் எஞ்சின் பார்த்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்து, மல்கிரேவில் கென் என்பவரின் தகரக் கொட்டகை கராஜில் சேர்ந்திருந்தேன். புல்வெட்டும் மெஷின், தண்ணீர் பம்ப், டிராக்டர், எது வந்தாலும் பார்ப்போம். அப்படி வந்ததுதான் அந்த மஞ்சள் ஸ்னோமொபைல். பனியில் ஓடுகிற வண்டி, முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சில்லுக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டி. குளிர்காலத்தில் பனி மூடுகிற மலையில் விடுதி நடத்திய அலன், பீற்றர் என்ற சகோதரர்கள் அதில்தான் காஸ் சிலிண்டரும் சாப்பாட்டுச் சாமானும் இழுப்பார்கள். அப்போதே கிழட்டு வண்டி, ஆனாலும் மாடு மாதிரி உழைக்கும். கோடையில் சர்வீசுக்கு எங்களிடம் இறங்கி வரும்.

முதல் கோடை அதை நான்தான் பார்த்தேன். நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை. பெற்றோல் பைப் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தால் போவதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊர் வெயிலில் அப்படி விட்டால் பைப்புக்குள்ளேயே பெற்றோல் கொதித்து, காற்றடைத்து, வண்டி நடு றோட்டில் நின்றுவிடும், ஈரச் சாக்குச் சுற்றித்தான் ஓட்டுவோம். அதனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் பைப் ஒன்றை நீளமாக வெட்டி, சட்டத்துக்கு வெளியால், குளிர்ச்சியான பக்கமாகக் கொண்டுபோய் மாட்டினேன். கென் பார்த்து முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த கோடை வண்டியோடு அலன் தனியாக வந்தார். சாமான் எடுக்கப் போன பீற்றர் பனிப்புயலில் அகப்பட்டு, விடுதிக்கு அரை மைல் இருக்க, வண்டிக்குப் பக்கத்திலேயே விறைத்துச் செத்துப்போனாராம். டாங்கியில் பெற்றோல் இருந்தது. மூன்றாம் நாள் வெயில் எறித்தபின் கயிற்றை இழுத்தால் ஒரே இழுவையில் ஸ்டார்ட். அவருடைய வலது கை உறை மட்டும் கழற்றிக் கிடந்ததாம். ஆகவே வண்டியில் பிழையில்லை, ஆள்தான் குடித்திருப்பான் என்று அங்கே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"அவன் குடிக்கிறவன் இல்லை," என்றார் அலன். அவரே முழுதாக நம்பாதவர் போலத்தான் சொன்னார்.

பேய் என்றால் இரவில்தானே வரும் என்பீர்கள். இது பகல் இரண்டு மணி. இந்த நாட்டில் உச்சக் கோடையான பெப்ரவரி வெயில், தகரக் கூரை, பெனியனோடு நிற்கிறேன். பிளக் மாற்றி, காபரேட்டர் கழுவி, பட்டியை இறுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். மூன்று நிமிடம் அழகாக ஓடி நின்றது. பிளக்கைக் கழற்றினால் காய்ந்து கிடக்கிறது, பெற்றோல் வரவில்லை. எல்லாம் கழற்றிப் பார்த்தேன், எங்கும் அடைப்பில்லை. மறுபடி இழுத்தேன், மறுபடியும் மூன்று நிமிடம். மூன்றாம் தரமும் நின்றதும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு தரையில் படுத்து, பைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் தடவிக்கொண்டே வந்தேன். சட்டத்துக்குக் கீழே பைப் தொய்ந்திருந்த இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டது. சுட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பைப்புக்கு மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, உள்ளே ஓர் அங்குல நீளத்துக்கு ஐஸ் அடைத்து நின்றது. அந்த வெயிலில்! விரலை இழுக்கிறேன், வரவில்லை.

"கென்!" என்று கத்தினேன். அவர் ஓடி வருவதற்குள் விரல் விடுபட்டுவிட்டது, பைப் வெறும் பைப். சீமெந்துத் தரையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. என் இரண்டு விரல்கள் மட்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்றோலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும், அது தொய்ந்த இடத்தில் தேங்கும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் என்றால் உறையாது. நான் மாட்டிய குளிர்ச்சியான பக்கத்தில் உறைந்துவிடும், வெயில் வந்தால் தடயமில்லாமல் கரைந்துவிடும். பீற்றர் குடிக்கவில்லை. பனியைக் கண்ணாலும் காணாத நான் என் ஊர் வெயிலுக்குச் செய்கிற வைத்தியத்தை அந்த வண்டிக்குச் செய்து அவரைக் கொன்றிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தரையிலேயே கிடந்து அழுதேன்.

பைப்பைப் பழைய வழியால் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள் என்றார் கென். திறந்தால் வேலை போகும் என்பதையும் சொன்னார். வீட்டில் ரஜனிக்கு அப்போது ஆறு மாதம்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"எனக்குத் தெரியும்தானே. அந்த மனிசனைக் குடிகாரன் எண்டு சொல்லிக்கொண்டு திரியினம், ரஜனி."

வெளுத்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். "அப்ப சொல்லுங்கோ. வாறதைப் பாப்பம்."

சனிக்கிழமை அலன் வந்தார். கென் முறைத்துக்கொண்டு நிற்க, அலனின் முகத்துக்கு நேரேயே எல்லாம் சொன்னேன். பைப்பை மாற்றியது நான், உங்கள் தம்பி குடிக்கவில்லை, அடைப்பு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்து, அதைக் கைச்சூட்டில் கரைக்கத்தான் உறையைக் கழற்றியிருக்கிறார் என்றேன்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

வலது கையை நீட்டினேன். பெருவிரலும் சுட்டுவிரலும் அன்று வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தன. அலன் அவற்றையே பார்த்தார். பிறகு நான் கழற்றி மேசையில் வைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் பைப்பை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தார். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

"அவன் கையும் இப்படித்தான் இருந்தது," என்றார். "எதைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று எங்களுக்கு விளங்கவேயில்லை."

என்னை அவர் அடிக்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மலையில் எல்லாருக்கும் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை கென் என்னை வேலையால் நிற்பாட்டினார். நிற்பாட்டட்டும்! திரும்பவும் அந்த நாள் வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

விரலைப் பார்த்த டாக்டர், இது பனிக்கடி, எந்த மலைக்குப் போனாய் என்று கேட்டார். இன்றுவரை நான் பனியில் கால் வைத்ததில்லை. இந்தக் கையால் ஒரு சிட்டிகை உப்புக்கூட எடுக்க முடியாது, விரல் இரண்டும் முட்டாது, நடுவில் ஒரு பைப் போகிற இடைவெளி. நம்பவில்லையா? இந்தாருங்கள் கை, நீங்களே அமர்த்தி மூடிப் பாருங்கள். ஒன்று மட்டும், தொட்டவுடன் உங்கள் கையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். எல்லாரும் ஐஸ் மாதிரிக் குளிர்கிறது என்று சொல்லித்தான் இழுக்கிறார்கள்.