கடிதத்தில் இல்லாத வரி

புதுக்கோட்டையில் டிரெயினிங் முடித்த கையோடு, ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்த ஊர்ப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மலாயாவுக்குப் போன ஆண்கள் வீட்டுக்குப் போடும் கடிதங்களை அவர்களுடைய மனைவிமார் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என் வகுப்பில் ஒரு பெண், எட்டு வயது இருக்கும், வாயையே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் சிலேட்டுக் குச்சியைக் கடித்தபடி தரையைப் பார்ப்பாள். பாதி நாள் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுவாள். அதட்டிப் பார்த்தேன். பொரிகடலை கொடுத்துப் பார்த்தேன். கடலையைத் தின்றுவிட்டு மறுபடியும் கண்மாய்க்கே போனாள். சரி, வீட்டிலேயே போய்ச் சொல்லிக்கொடுப்போம் என்று சாயங்காலங்களில் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேயும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள்.

ஒருநாள் அவள் தாய் நீலத்தாள் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அவுக போட்டுருக்காக. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க டீச்சரம்மா."

படித்தேன். இவ்விடம் நலம். மேட்டு வயலை அண்ணனிடம் குத்தகைக்கு விடவும். மாட்டை விற்க வேண்டாம். இந்த வருஷம் வர முடியாது. கையெழுத்து. மடித்துக் கொடுக்கப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்புட்டுத்தானா?"

நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. மாட்டை விசாரித்த மனிதர் மகளை விசாரிக்கவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை மறுபடி பிரித்தேன். "இரு, ஓரத்தில் இன்னும் ஒரு வரி இருக்கு. மக நல்லாப் படிக்குதான்னு கேட்டிருக்கார்" என்றேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்த்துக் கன்னங்கரேலென்று வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. எட்டாம் வாய்ப்பாடு வரவில்லையா, அடுத்த கடிதத்தில் அவள் அப்பா எட்டாம் வாய்ப்பாடு கேட்பார். கண்காணாத மனிதரை எனக்கு உதவி வாத்தியார் ஆக்கிக்கொண்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பிள்ளைக்கு எழுத்து வர நாலு பொய் சொன்னால் என்ன என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவளும் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வரி படித்ததும் என் முகத்தைப் பார்த்து, "சரியா டீச்சர்?" என்பாள். சரி என்றால்தான் அடுத்த வரிக்குப் போவாள். அவளுக்கு நன்றாகப் படிப்பு வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

நாலாம் வகுப்புக்கு வந்த வருஷம், நடவுக்குத் தாய் வயலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், கடிதங்களைக் குத்தி வைத்திருந்த கம்பியை அப்படியே எடுத்துவந்து என்முன் வைத்தாள்.

"எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன் டீச்சர். அப்பா வாய்ப்பாடு கேட்டது எதுல இருக்கு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பழைய தாள், எழுத்து மங்கிப்போயிருக்கும்" என்றேன். அவள் மேல்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மாடு, வயல், அண்ணன், எல்லாம் பளிச்சென்று இருந்தன. கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கூசிப்போயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் "சரியா டீச்சர்?" நின்றுபோயிற்று. நான் எதைச் சொன்னாலும் புத்தகத்தைப் புரட்டி அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கெட்டிக்காரி என்றார்கள். எனக்கு மட்டும்தான் அது வலித்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி கடிதம் வந்தது. தாய் வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். மகள் குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டாள். "நானே படிக்கிறேன் ஆத்தா."

தங்குதடை இல்லாமல் படித்தாள். வயல், வரப்புத் தகராறு, இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது. தாய் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?"

மகள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் இருக்கு ஆத்தா. ஒன் ஒடம்பு எப்புடி இருக்குன்னு கேட்டுருக்காக. வெயில்ல ரொம்ப அலைய வேணாமாம்."

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாள் முழுவதும் எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு வர முடியாது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துதான் இருந்தது.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்டாள்.

"சரியா டீச்சர்?"

தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றேன்.