அன்றைய பகுதி

நவம்பர் 12, காலை 6.40, விடாத தூறல். புதுக்கோட்டையில் மனைவியை இதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆறுதலுக்கு ஒரு சங்கீதப் பாடல் தேடி அப்பாவின் பழைய வேதாகமத்தைத் திறந்ததும், அதில் இன்னும் ஒட்டியிருந்த பாச்சா உருண்டை வாசனை என்னைப் பழைய அரிமளம் வீட்டுக்கு இழுத்துப்போனது.

அங்கே அன்று தங்கைக்குக் கடுங்காய்ச்சல். அப்பாவின் தினசரி வாசிப்பு வரிசையில் எண்ணாகமம் வந்திருந்தது. கோத்திரம் கோத்திரமாக ஆள்கணக்கை வாசித்தார்.

“புள்ள அனலாக் கொதிக்குது, நீங்க தலையை எண்ணுறீங்க! ஒரு சங்கீதம் வாசிச்சா கொறஞ்சா போயிருவீங்க?” என்றாள் அம்மா.

“பயந்தா பக்கத்தத் தாண்டிர்றதா, எஸ்தரு? இத்தன பேர எண்ணச் சொன்னவருக்கு நம்ம புள்ளையத் தெரியாதா?” என்ற அப்பாவின் குரலும் நடுங்கியது. காய்ச்சல் இறங்கச் சில நாட்கள் ஆயின. அவர் ஒருநாளும் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில், அப்பாவின் அதே வரிசைப்படி எனக்கு அன்றைய பகுதி நாளாகமத்தின் பெயர்ப்பட்டியல். சங்கீதத்துக்குத் தாண்டாமல், பயத்தோடேதான், ஒரு பெயரும் விடாமல் வாசித்தேன். மனைவி பிழைத்து வீடு திரும்பினாள். ஆஸ்பத்திரிக் கணக்கையும் ஒரு வரி விடாமல் கூட்டினேன்: மொத்தச் செலவு 1,86,450 ரூபாய்.