பின்கட்டில் மணல் ஊதினேன்

மணலை ஊதிக் கண்ணாடியில் பூப்போடுவது சுத்தமான தொழில் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுச் சோற்றில் ஒரு வாய் வாங்கித் தின்று பாருங்கள். பல் சொல்லிவிடும். வீட்டுக்குள்ளேயே தொழில் நடத்தி, வீட்டுச் சொந்தக்காரரிடமும் மனைவியிடமும் ஒரே நாளில் வாங்கிக்கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் பரபரக்கும். மதுரைக்குப் போன இடத்தில், காற்றோடு மணலைப் பீச்சிக் கண்ணாடியை வெளுக்க வைப்பதைப் பார்த்தேன். பார்த்த வாரமே வேலையை விட்டேன். பஞ்சர் கடைக்காரர் கழித்துப்போட்ட காற்றடிக்கும் மோட்டாரை வாங்கிவந்து, நாங்கள் குடியிருந்த பின்கட்டில் இறக்கினேன். வீடு விசாலாட்சி ஆச்சியுடையது.

என் மனைவி வள்ளி மோட்டாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் அவசரத்தால் அதற்குள்ளேயே மூன்று வீடு மாறியிருந்தோம். "இந்த வீட்டையும் விட வச்சீகன்னா நான் காளையார்கோவிலுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க மோட்டாரோட குடும்பம் நடத்துங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வடகம்

முறை எளிது. சைக்கிள் டியூப் ரப்பரைக் கண்ணாடியில் ஒட்டி, பூ வரவேண்டிய இடத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஊத வேண்டும். ரப்பரில் பட்ட மணல் துள்ளி விழும். வெறும் கண்ணாடியில் பட்டது கடித்து வெளுக்கும். துள்ளிய மணல் எங்கே போகும் என்று யோசிக்க எனக்குப் பொறுமை ஏது? திறந்த முற்றத்தில் நின்றபடி ஊதிவிட்டேன். தாமரை அழகாக வந்தது. மணல் மட்டும் சுவரைத் தாண்டிப் போய், மகள் கல்யாணத்துக்காக ஆச்சி பிழிந்து காயப்போட்டிருந்த வடகத்தில் உட்கார்ந்துகொண்டது.

வடகம் ஈரமாக இருந்ததால் தட்டினாலும் போகவில்லை. ஆச்சி ஒன்றை வாயில் போட்டு, ஒரு கடி கடித்துத் துப்பினார். வைகாசியில் கல்யாணம், அதற்குள் மணல் அடங்காவிட்டால் பின்கட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். கோபத்திலும் மரியாதை குறையவில்லை. "எனக்குப் பல்லு இன்னும் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதையும் ஊதி எடுத்துறாதீக."

பெட்டி

சரி, மணலைப் பெட்டிக்குள் அடைப்போம் என்று பழைய பலகைகளில் ஒன்று அடித்தேன். கை நுழைக்க இரண்டு ஓட்டை. ஓட்டைகளில் என் பழைய கால்சட்டையின் இரு கால்களையும் வெட்டி, உறை மாதிரி ஆணியடித்தேன். உள்ளே பார்த்து ஊத, மேலே ஒரு கண்ணாடி; வெளிச்சத்துக்கு உள்ளே ஒரு பல்பு. தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்று மதுரையில் ஊதிக்கொண்டிருந்தவர் எச்சரித்திருந்ததால் மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டு. மணலில் துளி ஈரம் இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். வள்ளிதான் திட்டிக்கொண்டே சலித்து, வெயிலில் உலர்த்திக் கொடுப்பாள்.

முதல் நாள் ஊத ஊத, பெட்டிக்குள் இருட்டிக்கொண்டே வந்தது. கரண்டு குறைகிறதென்று மின்சார ஆபீஸை வைதேன். கண் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். வள்ளி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே வைத்த கண்ணாடியில் பூ பாதிதான் வந்திருந்தது. மேலே மாட்டிய கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. "ஊத வேண்டியத விட்டுட்டு, பாக்க வேண்டியதப் போயி ஊதியிருக்கீக."

மானகிரி வாத்தியார்

மானகிரியில் புதுவீடு கட்டிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் முதல் வாடிக்கை. குளியலறை ஜன்னல் கண்ணாடியை மோர் மாதிரி வெளுக்க வைத்து, நானே மாட்டிக் கொடுத்தேன். ஊதிய பக்கத்தை உள்ளே வைத்தேன். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தால் துடைக்கச் சுலபம் என்று என் அபார மூளை சொன்னது. ஊதிய பக்கத்தில் தண்ணீர் பட்டால் வெண்மை மறைந்து கண்ணாடி பழையபடி தெளிந்துவிடும் என்று அது சொல்லவில்லை.

வாத்தியாருக்கு மறுநாள் காலையில் தெரிந்தது. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தவர், எதிர்மாடியில் துணி உலர்த்தியவர்கள் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறார். நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் திருப்பி மாட்டினேன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் சுருக்கென்றது. "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு தம்பி. நாங்கதான் குளிக்காம இருக்கணும்."

சீர்ச் சாமான்

சித்திரையில் ஆச்சியே பின்கட்டுக்கு வந்தார். பெட்டி வைத்த பிறகு மணல் அந்தப் பக்கம் போகாததைக் கவனித்திருக்கிறார். "கண்ணாடி டம்ளரு, ஜாடியெல்லாம் இப்ப சீர்ல வைக்கிறாகளாம். எழுத்துப் போட்டுக் குடுங்க. நல்லா வந்தா இங்கனயே இருங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த எழுத்து என்று கேட்கக்கூட நிற்கவில்லை. பாத்திரத்தில் கொடுத்தவர் பேர் வெட்டுவது எனக்குத் தெரியாததா? ஆனால் கண்ணாடி புது மோஸ்தர் ஆயிற்றே. பெண் தேவகோட்டையில் போய்த்தானே புழங்கப்போகிறாள், மாப்பிள்ளை வீட்டுத் தலைப்பெழுத்துகளைப் போடுவதுதான் மரியாதை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து வெட்டி, எல்லாவற்றிலும் ஊதிவிட்டேன். அவ்வளவு சுத்தமாக அதற்குமுன் நான் ஊதியதே இல்லை.

கல்யாணத்தன்று சீரையெல்லாம் நடுமுற்றத்து வளவில் பரப்புவார்கள், ஊரே வந்து பார்க்கும். பெண்ணின் சாமானில் பிறந்த வீட்டு எழுத்து இருந்தால்தான் அது அவளுடையது. நாளைக்கு ஒன்று என்றால் அவளோடு திரும்பி வரும். நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆச்சி ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். "எம் மக சாமான எம் மகளுக்கே இல்லாமப் பண்ணிட்டீகளே!"

கைவண்டி

போகச் சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே கைவண்டி பிடித்து மோட்டாரை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால், வள்ளி தன் துணிகளைத் தனி டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். என் வேட்டி சட்டை கொடியிலேயே கிடந்தன. இத்தனை வீடு மாறியும் வராத பயம் அப்போது வந்தது.

ஆச்சி வேகமாக வந்தார். அந்த டம்ளர்களைப் பழம், வெற்றிலையோடு காலையிலேயே தேவகோட்டைக்குச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். தங்கள் வீட்டு எழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடிபடாத சந்தோஷமாம். புது டம்ளர்கள் வாங்க ஆள் போயிருக்கிறது, இந்தத் தடவை தம் வீட்டு எழுத்து என்று அழுத்திச் சொன்னார். வள்ளி பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆச்சி அவளைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். "எழுத்துப் போட்ட ஆள எங்க ஊருக்கு அனுப்பி வைங்கன்னு சம்பந்தி கேட்டு விட்டிருக்காக. அவுக எங்க வீட்டு ஆளு, வெளிய அனுப்புறதில்லைன்னு சொல்லிட்டேன். எந்திரி ஆத்தா, மோட்டார இறக்கச் சொல்லு."

கைத்திறமையால்தான் அந்த வீட்டில் நிலைத்தேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் இன்றும் சொல்லிவருகிறேன், வள்ளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.