சில்வண்டுக்குக் காது கொடுத்தவர்

என் வீட்டுக்காரருக்குக் காதுதான் மூலதனம். கடலோரப் புதர்க்காட்டில் மட்டும் வாழ்கிற, விரல் நகமளவு பச்சைச் சில்வண்டு ஒன்று உண்டு. லேசில் கண்ணில் படாது. கோடையில், உச்சி வெயிலில் மெல்லிசாகக் கத்தும். எந்தெந்தப் புதரில் கத்துகிறது என்று கேட்டுவிட்டு வந்து வன அலுவலகத்துக்குப் போனில் சொல்வது இவர் வேலை. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று என் தங்கை இன்னும் சிரிக்கிறாள்.

இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து மனிதர் சரியில்லை. சாப்பாடு தட்டிலேயே ஆறிப்போகும். கண்ணாடி முன்னால் நின்று காதைக் குடைந்துகொண்டே இருப்பார். "என்னன்னுதான் சொல்லித் தொலைங்களேன்" என்றால், "உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுவார்.

ஒருநாள் காலை அலுவலகத்திலிருந்து போன். சில்வண்டுச் சத்தத்தை நேரில் கேட்க மேலதிகாரியே மறுநாள் வருகிறாராம். போனை வைத்தவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எனக்குக் காது போயிடுச்சு. நீ பேசுறது கேக்குது, வண்டு கத்துறது மட்டும் கேக்கல. வயசானா மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகுமாம். தெரிஞ்சா வேலைக்கு உலை வச்சுடுவாங்கன்னு, கத்துது கத்துதுன்னே சொல்லிட்டிருந்தேன்."

"அட மனுஷா, இதை எங்கிட்டகூடவா மறைப்பீங்க?" கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், இவர் வேலை போனால் நாங்கள் எங்கே போவது? "எழுந்திருங்க. எங்க கத்துதுன்னு நான் கேட்டுச் சொல்றேன். நாளைக்கு அந்த ஆளை நேரா அங்க கொண்டுபோய் நிறுத்துங்க."

உச்சி வெயிலில் போனோம். கல்யாணமான புதிதில் இவரே காட்டிய சத்தம்தான், எனக்கு நன்றாகத் தெரியும்; போன கோடையில்கூடக் கேட்டேன். ஒவ்வொரு புதராக நான் நிற்க, அவர் என் முகத்தையே பார்த்தார்.

"கேக்குதா?"

"சும்மா இருங்க, கேக்க விடுங்க."

காடு முழுக்கச் சுற்றினோம். அலைச் சத்தம், காகம், எங்கோ ஒரு பைக், அவ்வளவுதான். கடைசிப் புதரில்தான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லங்க! எனக்கும்தான் கேக்கல. இங்க ஒரு வண்டும் கத்தல!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் முகமோ வெளிறிப்போனது.

"மத்த கரையில எல்லாம் அழிஞ்சுபோச்சாம். உங்க பக்கம்தான் மிச்சம்னு காலைல போன்ல சார் சொன்னாரு. நான் இருக்குன்னு சொன்னதை நம்பித்தான் இங்க யாரும் வந்து பாக்கல."

சுடுமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் காதே போயிருக்கலாமேடி" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.