ஞானம் அக்காவின் மிட்டன்

பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் செல்லம்மா மூச்சிரைக்க வந்தாள். "ஞானம் அக்கா போயிட்டாங்கக்கா. காலையில எழுப்பினா எந்திரிக்கலயாம்." மீனை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு ரயில்வே துரையின் வீட்டில் நாங்கள் இருவரும் ஆயாக்களாக இருந்தோம். துரையின் மகளைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். குழந்தையோடு சீமைக்குப் போக ஆள் வேண்டும் என்றபோது, துரைசானி அக்காவைத்தான் அழைத்தார். எனக்குப் புருஷனும் பிள்ளையும் இருந்தார்கள், அக்கா கைம்பெண். தாலியோடு நின்று ஒரு விதவையைப் பார்த்து வயிறெரிந்தவள், இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்துக் குழந்தையோடு திரும்பி வந்தார். பெட்டியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளி உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு வீடு, மற்ற நான்கு விரலுக்கும் ஒரே பை.

"இதான் மிட்டன். நாலு வெரலும் ஒண்ணா கெடந்தா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுத்துக்கும். தனித்தனியா உறை போட்டா வெறைச்சுப் போவுது."

"அதென்ன பேரு?" என்றேன் வெடுக்கென்று.

"அங்க சமையலுக்கு ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தா. அவங்க ஊர்ல அந்தக் காலத்துல பூனையச் செல்லமா 'மித்'னு கூப்புடுவாங்களாம். மெத்துனு ரோமமா இருக்கறதால இதுக்கு 'மித்தேன்'னு பேராச்சாம். வெள்ளக்காரன் வாயில மிட்டனாயிருச்சு. போட்டுப் பாரு, பூனப் பாதம் மாதிரியே இருக்கும்."

போட்டுப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். கடைசி இரண்டு விரல்களும் பாதியோடு நின்றிருந்தன. பனி கொட்டிய ஒரு மாலையில் வண்டி பழுதாகிவிட, வீடுவரை நடந்தே போயிருக்கிறார்கள். குழந்தை தன் மிட்டன்களை வழியில் எங்கோ தொலைத்துவிட்டது. அக்கா தம்முடையதைக் கழற்றி அதன் கையில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். குளிரில் விறைத்துக் கறுத்துப்போன பாதி விரல்களை டாக்டர் எடுத்துவிட்டாராம்.

"புள்ள கைக்கு ஒண்ணும் ஆவல லா, அது போதும்" என்று சிரித்தார்.

எனக்குப் போதவில்லை. நான் வளர்த்த குழந்தை அதன்பின் அந்தக் குட்டை விரல்களைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கியது. நான் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முழுசாகப் பத்து விரலை வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றிருக்கிறேன்.

துரை குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகு, அக்கா இந்தக் குடியிருப்புப் பிள்ளைகளை வளர்த்தார். என் மூத்தவனுக்கு அம்மை கண்டபோது, கைக்குழந்தையோடு நான் கிட்டே போகக்கூடாது என்று சொல்லி, தாமே அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். நன்றி சொன்னேன். உள்ளே அப்போதும் புகைந்தது.

நேற்று அடக்கம். என் மூத்தவன் கிள்ளானிலிருந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான். குழியருகே, "பெரியம்மா, பெரியம்மா" என்று தேம்பித் தேம்பி அழுதான். எனக்காக அவன் இப்படி அழுவானா என்று தெரியாது. மழை தூறியது. சேலைத் தலைப்பை இழுத்து அவன் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள், அக்கா. அவன் அழுது முடிக்கும்வரை நான் பிடித்திருக்கிறேன்.