சி.பி.டி. எண்ணெய் தேடி மெர்கோங் வரை

போன சனிக்கிழமை கூலிமிலிருந்து கிளம்பி, தாய்லாந்து எல்லையைத் தாண்டி டானோக் வரை போய்வரத் திட்டம். பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம். சி.பி.டி. எண்ணெய் வாங்க எல்லை தாண்டப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

கூட வந்தவர் பக்கத்து வீட்டு விஜயா அக்கா. ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இரண்டு வருடமாக இடுப்பு வலி. துணி எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் காரில் ஏறினார். காலை 7.10க்குக் கிளம்பி 8.35க்கு அலோர்ஸ்டார் பக்கத்தில் மெர்கோங் போய்ச் சேர்ந்தோம். என் கார் மீட்டரில் 96 கிலோமீட்டர்.

அங்கே நிறுத்தியது அன்சாரியைப் பார்க்க. பள்ளித் தோழன், இப்போது மருந்தாளர். கடையில் மூன்று ரொட்டி சானாய், மூன்று தே தாரிக் டீ, 12 ரிங்கிட் 60 சென். சாப்பிட்டுக்கொண்டே அக்கா கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். துணி இல்லை, சின்ன எண்ணெய்க் குப்பி.

“கஞ்சா இல்ல லா தம்பி. சி.பி.டி. மட்டுந்தான். கூட வேல செய்யறவ சொன்னா, போதையே வராதாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பும்போது அந்தக் குப்பி என் காரில்தானே இருந்திருக்கும், பிடிபட்டால் நானும் மாட்டியிருப்பேனே!

அன்சாரி கோபப்படவில்லை. கஞ்சாச் செடியில் எத்தனையோ சேர்மங்கள் இருந்தாலும் முக்கியமானவை இரண்டு என்றான். போதை தருவது டி.எச்.சி.; நினைவு, பசி, நேர உணர்வு எல்லாவற்றையும் அது ஆட்டிவைக்கும். சி.பி.டி. அந்தப் போதையைத் தராது. சில அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாகிறது. இடுப்பு வலிக்குக் கேட்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். சொல்லிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினான். மேலே கொட்டை எழுத்தில் சி.பி.டி., அடியில் எறும்பு எழுத்தில் டி.எச்.சி.

“ரெண்டுமே இருக்கு அக்கா. கம்பெனில யூரின் டெஸ்ட் எடுத்தா மாட்டிக்குவீங்க. வேல போயிரும்.”

“டி.எச்.சி. இல்லாதத வாங்குனா?”

“அதையும் நம்ம இஷ்டத்துக்குக் கொண்டாற முடியாது. இங்க பதிவான மருந்தா இருக்கணும், டாக்டர் எழுதணும்.”

“அப்ப வித்தியாசம் என்னதான் தம்பி?”

“உங்க உடம்புக்கு வித்தியாசம் இருக்கு. செக்பாயின்ட்ல இல்ல.”

அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, மகள் படிக்கிறாள். ரொட்டியை அப்படியே ஒதுக்கிவைத்தார். எல்லைக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. 9.20க்கு, “வூட்டுக்கே போலாம்” என்றார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குப்பியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். தாய்லாந்துச் சட்டம் அடிக்கடி மாறுகிறது. அங்கே கடையில் கிடைக்கிறது என்பதற்காக இங்கே கொண்டுவர முடியாது. யாரைக் காரில் ஏற்றினாலும் எதற்குப் போகிறார் என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், துணி என்றதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வரும் வழியில் குரூண் ஓய்விடத்தில் நிறுத்தினேன். அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிரவே ஐந்து நிமிடம் ஆனது. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம்.

“நல்ல வேளை தம்பி, போகல” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நல்ல வேளைதானா என்று தெரியாமலே, அவர் உட்கார இருக்கையைச் சாய்த்துவிட்டேன்.