கடல்பாசி சூப் வைக்காத பிறந்தநாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோங்சுக் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, சோயா முளைகளின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மகளுக்காக தேவாலயத்தில் நூறு நாள் விடியற்கால ஜெபம், இன்றோடு தொண்ணூற்றேழு. வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஜெபம் முடிந்த கையோடு சலவைக் கடைக்குப் போய் நியூ ஜெர்சிக்காரர்களின் சட்டைகளுக்கு இஸ்திரி. கண் எரிந்தது.

மகன் தேஹூனுக்கு இன்று இருபத்திரண்டு முடிகிறது. கொரியர் வீட்டில் பிறந்தநாளென்றால் கடல்பாசி சூப்தான் வைக்க வேண்டும். ஆனால் மகள் ஹயுன் இன்று பெரிய கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். வழுவழுப்பான பாசியைச் சாப்பிட்டால் கைக்கு வருவதும் வழுக்கிவிடும் என்று இந்த மாதிரி நாளில் அதை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள்.

"நாலு வருஷம் முன்னாடி என் விண்ணப்பத்துக்கும் இதே முளை சூப்தான்," என்றான் எதிரே உட்கார்ந்திருந்த தேஹூன். "நான் பிறந்த தேதியே சரியில்லை."

"பேசாம கிள்ளுடா."

ஹயுன் மடிக்கணினியோடு வந்தாள். "அம்மா, இனம் என்னன்னு கேக்குது. கொரியன்னு போடவா, காலியா விடவா?"

"என்னுதுல காலி," என்றான் தேஹூன்.

அப்போது அப்படித்தான் செய்யச் சொன்னாள், காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்துக்கு யோசனை சொல்லும் ஆலோசகர் அம்மாள். கொரியப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள், தெரிந்தால் கழித்துவிடுவார்கள், செல்லோ வாத்தியமும் வேண்டாம் என்றாள். ஒன்பது வருஷம் வாசித்ததை ஜோங்சுக் நிறுத்தச் சொன்னாள். பையன் மல்யுத்தத்தில் சேர்ந்தான். இடது காது பணியாரம் மாதிரி வீங்கியதுதான் மிச்சம். விண்ணப்பித்த ஆறு கல்லூரியும் கையை விரித்துவிட்டன.

"இப்ப சட்டம் மாறிடுச்சும்மா, இனம் பார்த்து எடுக்கக் கூடாதாம்," என்றாள் ஹயுன். "இந்தப் பதிலை, ஆள் எடுக்கறவங்க கண்ணுல காட்டவே மாட்டாங்களாம்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறான்?"

"தெரியலை. கூட அனுப்பற கட்டுரையில எழுதினா மட்டும் படிப்பாங்களாம். நீ கொரியாக்காரின்னு நல்லாத் தெரியற மாதிரி எழுதுன்னு அந்தம்மா சொன்னாங்க, எழுதிட்டேன்."

"எந்தம்மா?"

"அதே அம்மாதான்."

தேஹூன் சிரித்தான். "அன்னிக்கு மறைன்னாங்க, இன்னிக்குக் காட்டுங்கறாங்க. நல்ல பொழப்பு."

"நீ சொல்றதைப் போடறேம்மா. கிடைக்கலேன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஜோங்சுக் கையிலிருந்த முளையைக் கீழே போட்டாள். "கொரியன்னே போடு. மறைக்கணும்னா பேரை மாத்தணும், மூஞ்சியை மாத்தணும். என்னால முடியலை."

ஹயுன் பொத்தானை அழுத்திவிட்டு, "போயிடுச்சு," என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஜோங்சுக் எழுந்திருக்கவில்லை. மகனின் காதைப் பார்த்தாள்.

"உன்னுதுலயும் போட்டிருக்கணுமோ? செல்லோவை விடச் சொன்னது தப்போ?"

தேஹூன் கிள்ளிய வால்களைச் செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டான். தண்ணீர் பொங்காமல் அடுப்பைத் தணித்தான். பிறகு ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே போனான்.